முதலில் கழிப்பறை, அப்புறம் கிணறு

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுச் சேர்த்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அன்று அது கடலோரத்து மணல் பொட்டல். இரண்டு ஆண்டு கழித்துப் புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் தொடங்கிய இடம், மழை அரித்து ஓடைப் பள்ளங்களாகப் பிளந்து கிடந்த செம்மண் மேடு. 1973-இல் வேல்ஸ் நாட்டில் மாற்றுத் தொழில்நுட்ப மையம் குடியேறியது, கைவிடப்பட்ட ஸ்லேட் கல் குவாரி ஒன்றில். 1990-இல் நடனக் கலைஞர் புரோதிமா பேடி நிருத்யகிராமத்தைக் கட்டியதும் பெங்களூருவுக்கு வெளியே, ஹெசரகட்டா பக்கத்து வறண்ட காட்டு நிலத்தில்தான்.

ஊரைவிட்டு விலகி, அமைதியாக உட்கார்ந்து எழுதவோ ஆடவோ வரையவோ இடம் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் அமைவது இப்படிப்பட்ட நிலம். விளையும் நிலத்தை விவசாயி விற்க மாட்டார். விலை குறைவாகக் கிடைக்கும் நிலத்தில் தண்ணீர் இருக்காது, அல்லது உப்பாக இருக்கும். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பஞ்சாயத்து எல்லையோடு நின்றுவிடும். ஆக, நாடகப் பட்டறைக்கோ எழுத்தாளர் முகாமுக்கோ குடில் போடுகிறவர்கள் மேடை, படிப்பறை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரையும் கழிவையும் பற்றி முடிவெடுத்தாக வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் ஆழ்துளைக் கிணறு. அப்புறம் மாடியில் சின்டெக்ஸ் தொட்டி. கட்டடம் எழும்பிய பிறகு, கொத்தனார் சொன்ன அளவில் ஒரு செப்டிக் டேங்க். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கழிப்பறை எப்படிப்பட்டது என்று முடிவானால்தான் எவ்வளவு தண்ணீர் வேண்டும், கிணற்றை எங்கே வெட்டலாம், தோட்டத்தில் என்ன நடலாம் என்பவை முடிவாகும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மனிதர் ஒரு நாளில் கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். மலம் கால் கிலோ சொச்சம். ஒருமுறை ஃப்ளஷ் செய்ய 6 லிட்டர் என்று வைத்தாலும் நாளைக்கு ஐந்தாறு முறைக்கு 30 லிட்டருக்கு மேல் போகிறது. பழைய தொட்டிகள் ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை இழுக்கும். கிராமத்து வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அதில் பாதிக்கு மேல் இரண்டு கிலோகூட இல்லாத ஒரு பொருளை இருபதடி தள்ளிக் கொண்டுபோவதற்கே செலவாகிவிடுகிறது. போன பிறகு அந்த 30 லிட்டரும் கிருமி கலந்த நீர். அதைச் சுத்தம் செய்ய இன்னொரு செலவு.

இதோடு, கலைக்குடில்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குடும்பம் வாழும் வீட்டில் ஆள் எண்ணிக்கை பெரிதாக மாறாது. குடிலில் அப்படி இல்லை. சாதாரண வாரத்தில் பத்துப் பதினைந்து பேர். பட்டறை நடக்கும் ஐந்து நாளில் அறுபது எழுபது பேர். அப்புறம் ஒரு மாதம் காவலாளியும் சமையல்காரரும் மட்டும். நாட்டின் இந்தப் பக்கத்து மழையும் அப்படித்தான்: தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வருவதும் போவதும் சீராக இல்லாத இடத்தில், சீரான வரத்தை நம்பிச் செய்த சாதனங்கள் தடுமாறும்.

செப்டிக் டேங்க்கை எடுத்துக்கொள்வோம். அது வேலை செய்வதே காத்திருப்பினால்தான். உள்ளே வரும் நீர் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், அசையாமல் தங்க வேண்டும். கனமானது அடியில் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் படிந்ததை மெதுவாகத் தின்னும். 10,000 லிட்டர் தொட்டிக்குள் 15 பேர் ஆளுக்கு 100 லிட்டர் வீதம் விட்டால் நீர் ஆறு நாளுக்கு மேல் தங்கும். 70 பேர் வந்தால் ஒன்றரை நாளுக்கும் குறைவு. அடியில் சேறு மூன்றில் ஒரு பங்கு சேர்ந்திருந்தால் ஒரு நாள்கூடத் தங்காது. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் போகும்போது நிலைமை இன்னும் மோசம். படியாத கழிவு அப்படியே வெளியேறி உறிஞ்சு குழியை அடைக்கும். பட்டறையின் மூன்றாம் நாள் கொல்லைப்புறத்திலிருந்து வீச்சம் கிளம்புவதற்குக் காரணம் இது. 'நல்ல டேங்க்தானே கட்டினோம்' என்று நிர்வாகி குழம்புவார். டேங்க் நல்லதுதான், அது பதினைந்து பேருக்கான டேங்க்.

செப்டிக் டேங்க்கைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. நிரம்பினால் அதைத் திறப்பவர் யார்? தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காற்றைவிடக் கனமானது. செறிவு கூடினால் முதலில் மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும், ஆபத்து தெரியாமலே ஆள் சுருண்டு விழுவார். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் சாவுகள் நின்றபாடில்லை, சாகிறவர்கள் எந்தச் சமூகத்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். சமத்துவத்தைப் பற்றி நாடகம் போடும் ஓர் இடம் தன் மலத்தை யார் தலையில் சுமத்துகிறது என்று கேட்டுக்கொள்வது அடிப்படை நேர்மை. டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து சேவாகிராமம் வரை காந்தி தன் ஆசிரமவாசிகளையே கழிப்பறை சுத்தம் செய்ய வைத்தது இந்தக் கேள்வியைத் தவிர்க்க விரும்பாததால்தான். அதைத் தொழில்நுட்பத்தால் தீர்க்க முடியுமா? பெருமளவு முடியும். யார் கையால் தொட்டாலும் அருவருப்போ ஆபத்தோ இல்லாத நிலைக்கு மலத்தைக் கொண்டுவந்த பிறகே வெளியே எடுப்பது என்று வைத்துக்கொண்டால் முடியும்.

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஹென்றி மூல் என்ற பாதிரியார் இருந்தார். 1854-இல் தன் ஊரில் காலரா பரவியபோது நோயாளிகளோடு நின்றவர். தன் வீட்டுக் கழிவுக் குழியின் நாற்றம் தாளாமல், வாளியில் பிடித்து உலர்ந்த மண்ணில் கலந்து பார்த்தார். சில வாரங்களில் அடையாளமே இல்லாமல் மண்ணாகிவிட்டது. 1860-இல் மண் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். நூறு ஆண்டுக்குப் பிறகு வட வியட்நாமில் விவசாயக் குடும்பங்களுக்காக 1956-இலிருந்து இரட்டை அறைக் கழிப்பறை பரவியது. தரைக்கு மேலே கட்டிய இரண்டு அறைகள். ஒன்று நிரம்பும்வரை அதைப் பயன்படுத்துவது, நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போவது. சிறுநீர் தனியே குடத்துக்குப் போய்விடும்.

அப்படியே இங்கே கொண்டுவந்தால் அது தோற்கும். நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். உலர்ந்திருக்க வேண்டிய அறைக்குள் வேளைக்கு அரை லிட்டர் தண்ணீர் விழுந்தால் உள்ளே இருப்பது சகதியாகும், புழு வைக்கும், நாறும். இதற்கு விடை கண்டது கேரளக் கடற்கரை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே புல்லுவிளை என்ற மீனவ ஊரில் நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் குழிக் கழிப்பறை சரிப்படவில்லை. 1990-களில் பால் கால்வர்ட் என்ற பொறியாளர் அங்கே கழுவும் நீருக்கும் தனி வழி வைத்துக் கழிப்பறை கட்டினார். அந்த நீர் ஒரு செடிப் பாத்திக்குப் போனது. திருச்சி மாவட்டம் முசிறியில், காவிரிக் கரையில், ஸ்கோப் தொண்டு நிறுவனத்தின் மாராச்சி சுப்புராமன் இதே வகையை வீடு வீடாகக் கொண்டுபோனார். பொதுக் கழிப்பறையும் வந்தது. பயன்படுத்துகிறவரிடம் காசு வாங்குவதற்குப் பதில் அவருக்கே சிறு தொகை கொடுத்த அந்தக் கழிப்பறை அன்று பத்திரிகைச் செய்தியானது. சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த வகைக் கழிப்பறையின் பேசினைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தரையோடு பதித்த பேசினில் மூன்று பகுதிகள். முன்பக்கம் சிறுநீருக்கான சரிவும் சின்னத் துளையும், அதிலிருந்து ஒரு குழாய் வெளியே நிற்கும் கேனுக்குப் போகும். நடுவில் அகலமான துளை, மூடியோடு. பின்பக்கம் கழுவுவதற்கான பள்ளம். காலைக் கடன் முடிந்ததும் அரையடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்து கழுவ வேண்டும். எழுந்ததும் பக்கத்து வாளியிலிருந்து ஒரு குவளை அடுப்புச் சாம்பலை நடுத்துளையில் தூவி மூடிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சாம்பல் கிடைக்காத இடத்தில் சுண்ணாம்பு கலந்த மண், மரத்தூள், உமி.

சாம்பல் இரண்டு காரியம் செய்கிறது. ஈரத்தை உறிஞ்சுகிறது, காரத்தன்மையை ஏற்றுகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களும் வைரஸ்களும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அழிந்துவிடும். கடைசிவரை தாக்குப்பிடிப்பது உருண்டைப் புழுவின் முட்டை. ஒரு பெண் புழு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். கெட்டியான தோல் கொண்ட அந்த முட்டைகள் ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அவற்றை மனதில் வைத்துத்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் கெடு வகுத்தது: வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்கு மேல் உள்ள ஊர்களில் மூடிய அறை ஓர் ஆண்டுக்கு மேல் கிடக்க வேண்டும். சாம்பலோ சுண்ணாம்போ போட்டுக் காரநிலை (pH) 9-க்கு மேல் நிலைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் போதும். கலைக்குடில்காரர்கள் குறுகிய கெடுவை நம்பாமல் ஓர் ஆண்டையே கைக்கொள்வது நல்லது, ஏனென்றால் விருந்தாளிகள் எல்லாரும் ஒழுங்காகச் சாம்பல் போடுவார்கள் என்று சொல்ல முடியாது.

இவ்வகைக் கழிப்பறையின் பெரிய பலம், கூட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அது பொருட்படுத்தாதது. அறுபது பேர் வந்தால் அறை கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும். ஒரு மாதம் யாரும் வராவிட்டால் உள்ளே இருப்பது இன்னும் நன்றாகக் காயும். செப்டிக் டேங்க்குக்குக் கெடுதலானது இதற்கு நன்மையாகிறது.

அடுத்து அந்தக் கேன். நம் உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிறுநீரில்தான் இருக்கிறது, பாஸ்பரஸில் பாதிக்கு மேல். ஆரோக்கியமானவரின் சிறுநீரில் கிருமி மிகக் குறைவு. கேனில் நிற்கும்போது யூரியா உடைந்து அமோனியாவாகிறது. காரநிலை 9-ஐ ஒட்டி ஏறும்போது தப்பித் தவறிக் கலந்த கிருமிகளும் மடிகின்றன. பலர் சிறுநீர் கலந்த கேனை ஆறு மாதம் மூடி வைத்த பிறகு எந்தப் பயிருக்கும் விடலாம் என்பது அதே உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதல். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். திறந்து வைத்தால் அமோனியா காற்றோடு போய்விடும், பயிருக்கு எட்ட வேண்டிய உரம் மூக்குக்கு எட்டும். ஒரு பங்குக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரடி மண்ணில் ஊற்றி மூட வேண்டும். வாழை இதை விரும்பி ஏற்கும்.

மலமும் சிறுநீரும் விலகிவிட்டால் மிஞ்சுவது குளியல், துணி துவைப்பு, சமையலறை நீர். பழைய வீடுகளில் இதற்குத் தனி ஏற்பாடே கிடையாது, கிணற்றடி நீர் நேரே புழக்கடை வாழைக்கும் சேப்பங்கிழங்குக்கும் போகும். பத்துப் பேருக்கு இன்றும் அது போதும். அறுபது பேர் குளிக்கும் நாளில் வாழைக்குழி வழிந்து சேறாகும், கொசு அடையும்.

அங்கே உதவுவது நாணல் பாத்தி. செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கலாம் என்று 1950-களில் ஜெர்மனியில் ஆய்வு செய்து காட்டியவர் கேதே சைடல். கசியாத தொட்டியில் இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, அதில் நாணலோ சம்பங்கோரையோ கல்வாழையோ நடுவார்கள். நீர் ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போகும், மேலே தெரியாது. சுத்தம் செய்வது செடி என்று பலரும் நினைக்கிறார்கள். ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்கள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. செடி வேர் வழியே கொஞ்சம் காற்றை இறக்கும், வேர் நெளிந்து ஜல்லி அடைபடாமல் பார்த்துக்கொள்ளும், ஓரளவு சத்தை உறிஞ்சும். ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையம் இந்தப் பாத்தியோடு படிவுத் தொட்டி, தடுப்புகள் வைத்த காற்றில்லா அறைகள், கடைசியில் ஒரு குளம் எனச் சேர்த்து மின்சாரம் பெரிதாகத் தேவைப்படாத சுத்திகரிப்பு அமைப்புகளைப் பல இடங்களில் கட்டியிருக்கிறது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீரும் அப்படிச் சுத்தமாகித் தோட்டத்துக்குப் பாய்கிறது.

நுண்ணுயிர்களுக்கு இரை தொடர்ந்து வர வேண்டும் என்பதால் ஏற்ற இறக்கப் பிரச்சினை இங்கே மறுபடி தலைகாட்டும். அதற்கு இரண்டு எளிய வழிகள். பாத்திக்கு முன்னால் ஒரு சமநிலைத் தொட்டி வைத்து, காலை நெரிசலின் நீரை நாள் முழுக்கச் சிறுகச் சிறுக விடுவது ஒன்று. ஒரு நாளுக்கு மேல் தேக்கக் கூடாது, தேக்கினால் குளியல் நீரும் சாக்கடையாக நாறத் தொடங்கும். இரண்டாவது வழி வெளியேறும் முனையில் இருக்கிறது. அங்கே பிளம்பர் ஒரு எல்போவைத் திருகும்படி மாட்டிவிட்டால், குழாயை நிமிர்த்திப் பாத்திக்குள் நீர்மட்டத்தை உயர்த்தலாம், சாய்த்து இறக்கலாம். ஆளில்லாத மாதத்தில் நிமிர்த்தி வைத்தால் உள்ளே நிற்கும் நீரில் கல்வாழையும் நுண்ணுயிரும் பிழைத்துக் கிடக்கும். சமையலறை நீர் பாத்திக்குப் போகும் முன் எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி கட்டாயம். சோப்பிலும் கவனம் தேவை. துணி சோப்புத் தூளில் உள்ள சோடியம் களிமண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்துவிடும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அந்தக் கேட்டைச் செய்வதில்லை.

கலைக்கூடத்துக் கழிவை இந்தப் பாத்தியில் விடக்கூடாது. ஓவியரின் தூரிகை கழுவிய நீரில் காட்மியம் மஞ்சள், கோபால்ட் நீலம் போன்ற உலோக நிறமிகள் இருக்கலாம். எந்த நுண்ணுயிரும் உலோகத்தைத் தின்று தீர்க்காது. இன்று பெரும்பாலோர் கையாளும் அக்ரிலிக் வண்ணம் பிளாஸ்டிக்தான். அந்தத் துகள்கள் ஒரே மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதந்தபடியே இருக்கும், வாளியில் எத்தனை நாள் வைத்தாலும் தெளியாது. படிகாரத்தைக் கரைத்துவிட்டு, பின்னால் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் மின்னேற்றம் தணிந்து துகள்கள் திரண்டு அடியில் இறங்கும். கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்தவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டி அடுத்த நாள் தூரிகை கழுவவே வைத்துக்கொள்ளலாம். அடியில் நின்ற கசடைக் காயவைத்துத் தனியே சேர்த்து, ஆபத்தான கழிவு வாங்குகிறவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். டர்பென்டைனைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது, மூடிய புட்டியில் வைத்தால் வண்ணம் படிந்து மேலே தெளிவதை மறுபடி பயன்படுத்தலாம்.

மண்பாண்டக் கூடத்தின் தொல்லை வேறு. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தின் வழியில் அந்த வட்டாரம் முழுக்க சக்கரங்கள் சுற்றுகின்றன. கை கழுவும் நீரோடு போகும் நுண்களிமண் ஜல்லிப் பாத்தியை ஒரே பருவத்தில் சிமென்ட் போல அடைத்துவிடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியும்படி மூன்று தொட்டிகள் வைத்தால் முதல் இரண்டில் மண் படிந்துவிடும். அதை அள்ளிப் பிசைந்து மறுபடி சக்கரத்தில் ஏற்றலாம். மெருகுப் பூச்சு கழுவிய நீருக்கு மட்டும் தனி வாளி, அதில் செம்பும் பேரியமும் இருக்கக்கூடும்.

இவ்வளவும் முடிவான பிறகு தேவை எவ்வளவு என்று கேட்டால் விடை வெகுவாகச் சுருங்கியிருக்கும். ஃப்ளஷ் இல்லை. தோட்டத்துக்குப் பாத்தி நீர். இனி வேண்டியது குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். புதுச்சேரி வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று கொண்டால், 200 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில், சிதறலும் ஆவியும் ஐந்தில் ஒரு பங்கு போக, 1,92,000 லிட்டர் சேரும். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 20 பேருக்கு ஆண்டு முழுக்கத் தேவை 4 லட்சம் லிட்டர். பாதிக்கும் குறைவாகத்தான் கூரை தரும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் போதும். தை தொடங்கி ஆடி வரை ஏறக்குறைய 200 நாள் மழையை எதிர்பார்க்க முடியாது என்று வைத்தால் 20 பேருக்கு 40,000 லிட்டர். நாலரை மீட்டர் விட்டமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஃபெரோசிமென்ட் தொட்டியில் அது ஏறத்தாழ அடங்கிவிடும். பட்டறைக்குக் கூடுதலாக நாற்பது பேர் ஐந்து நாள் தங்கினாலும் குடிநீர்க் கணக்கில் 2,000 லிட்டர்தான் ஏறும். கூரை நீரைக் குடிக்க மட்டும், கிணற்று நீரைக் குளிக்க மட்டும் என்று இரண்டு குழாயாகப் பிரித்தாலே பாதித் தலைவலி தீரும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பெரும்பாலான கட்டடங்கள் நீரை மண்ணுக்குள்தான் இறக்கின. ஊருக்கு அது நல்லது. சித்திரையில் குடத்தோடு நிற்கிறவருக்குத் தொட்டி வேண்டும்.

முதல் மழையில் கூரைத் தூசியும் காக்கை எச்சமும் வரும். முதல் மில்லிமீட்டரை ஒதுக்கினால் பெரும்பாலான அழுக்கு போய்விடும், 200 சதுர மீட்டருக்கு அது ஒரு 200 லிட்டர் பீப்பாய். தொட்டியின் எல்லாத் திறப்பிலும் கொசுவலை இருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும்.

வடிகட்டியைப் பொறுத்தவரை விலையுயர்ந்த ஆர்.ஓ. கருவிக்கு முன்னால் மணலை யோசிக்க வேண்டும். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா 8,000-க்கும் அதிகமானவர்களைக் கொன்றது. அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே வரும் எல்பே ஆற்று நீரைத்தான் குடித்தது. ஆனாலும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆல்டோனா தன் நீரை மணலில் மெதுவாக வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. எல்லை ஓடிய தெருவில் ஒரு பக்கம் சாவும் மறுபக்கம் சுகமும் இருந்ததை ராபர்ட் கோக் பதிவு செய்தார். மணலின் மேல் இரண்டு மூன்று வாரத்தில் உருவாகும் வழவழப்பான உயிர்ப்படலம் கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. மணல் காய்ந்தால் அந்தப் படலம் செத்துவிடும். விட்டு விட்டு ஓடும் வீட்டு உபயோகத்துக்காகக் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990-களில் ஒரு திருத்தம் செய்தார். வெளியேறும் குழாயை மணல் மட்டத்துக்குச் சற்று மேலே வளைத்து, ஓட்டம் நின்றாலும் மணலின் மேல் 5 சென்டிமீட்டர் நீர் எப்போதும் நிற்கும்படி செய்தார். ஆள் வருவதும் போவதுமாக இருக்கும் குடிலுக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற சாதனம். நீண்ட ஓய்வுக்குப் பின் கூட்டம் வருகிறது என்றால், இரண்டு வாரம் முன்பே காவலாளி தினமும் ஓரிரு வாளி ஊற்றிப் படலத்தைத் தயார் செய்துவிட வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் போடுவதானால் வடிகட்டிய பிறகுதான், முன்னால் போட்டால் படலமே போய்விடும்.

சோழமண்டலம் போன்ற கடலோர மணலில் கிணறு வெட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கணக்கிட்டார்கள். உப்புநீரின் அடர்த்தி நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் என்பதே காரணம். இதைத் திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும்: இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரலாம். இங்கே ஆழமாகத் துளையிடுவது உப்பைத் தேடிப் போவதாகும். ஆழமில்லாத, அகலமான உறைக்கிணற்றில் சிறு மோட்டாரால் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே சரி. ஆரோவில் போன்ற மேட்டு நிலத்தில் பாடம் வேறு. அங்கே முதல் குடியேறிகள் மரம் நடுவதோடு வரப்புகளையும் தடுப்பணைகளையும் கட்டி, ஓடி வீணான மழையை நிலத்திலேயே நிறுத்தினார்கள். எங்கே இருந்தாலும் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது பத்து மீட்டர். மணல் நிலத்தில் அதுவும் போதாது.

கட்டியதோடு முடிவதில்லை. குடிநீரை மாதம் ஒருமுறை சோதிக்க எச்.டூ.எஸ். குப்பி போதும். 1982-இல் இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கிய எளிய சோதனை அது. குப்பியில் நீரை நிரப்பி அறை வெப்பத்தில் வைத்தால், மலக் கிருமி இருக்கும்பட்சத்தில் ஓரிரு நாளில் கறுக்கும். கழிப்பறையைப் பயன்படுத்தும் முறையைப் பட்டறையின் முதல் மணி நேரத்தில், கூச்சமில்லாமல், யாராவது நின்று சொல்ல வேண்டும். கதவில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. சாம்பல் வாளி காலியாகாமல் பார்ப்பதும் கேனை மாற்றுவதும் தங்குகிறவர்களின் முறைவேலையாக இருக்கட்டும். சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தினால் அவர் பம்பையும் பாத்தியையும் புரிந்த தொழில்நுட்பராக இருக்க வேண்டும், மற்றவர் அழுக்கை அள்ளுகிறவராக இருக்கக்கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாசி, பங்குனியில் கழிப்பறை அறைகளைக் கட்டலாம், நிலம் காய்ந்திருக்கும். சித்திரை, வைகாசியில் பக்கத்துக் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து குறித்துக்கொண்டால் மிகக் கெட்ட காலத்துக் கணக்கு கையில் இருக்கும். கிணற்றின் இடத்தையும் ஆழத்தையும் அதை வைத்தே முடிவு செய்யலாம். புரட்டாசி முடிவதற்குள் கூரைக் குழாயும் தொட்டியும் தயாராகிவிட வேண்டும். நாணல் பாத்தியில் கல்வாழையை ஐப்பசி மழையோடு நட்டால் தையில் வரும் முதல் பட்டறைக்குள் வேர் பிடித்திருக்கும். அந்தப் பட்டறைக்கு நாற்பது பேருக்கு மேல் அழைக்க வேண்டாம்.